1865 ஜனவரியில் அவர் அவையில் இல்லை

அடிமை முறையை எதிர்த்த ஒஹாயோ வழக்கறிஞர் ஒருவர், 1864 அக்டோபரில் அமெரிக்கக் கீழவைக்குத் தேர்வானார். அவருடைய வாழ்க்கையைத் தமிழில் எழுத நான்கு வருடச் சனிக்கிழமைகள் பிடித்தன. வென்ட்வேர்த்வில்லில் ரயில் ஏறி, சிட்னி நூலகத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் தேதியோடு குறித்துக்கொள்வேன். 1999இல் நூல் அச்சாகி இருநூறு பிரதிகள் வீட்டுக்கு வந்தன.

வெளியீட்டுக்கு எட்டு நாள் இருந்தது. 1865 ஜனவரி 31 அன்று அடிமை முறையை ஒழிக்க வாக்களித்தவர்களின் பட்டியலை மேடையில் வாசிக்க விரும்பி, அதைப் பிரதி எடுக்கப் போனேன். என் ஆளின் பெயர் அதில் இல்லை. தேர்தலில் அவரிடம் தோற்றவரின் பெயர் இருந்தது. நூலிலோ என் ஆள் அன்று அவையில் எழுந்து வாக்களித்ததாக ஒரு காட்சியே எழுதியிருந்தேன்.

இலங்கையிலும் இங்கேயும் தேர்தல் முடிந்து சில வாரங்களில் புதியவர்கள் அவையில் அமர்வதைப் பார்த்துப் பழகியவன் நான். அந்தக் காலத்து அமெரிக்காவில் பழைய அவை மார்ச் வரை நீடித்தது. புதிய அவை கூடியதோ 1865 டிசம்பரில். அந்த ஜனவரியில் அவர் சொந்த ஊரில் வழக்காடியதாக உள்ளூர்ப் பத்திரிகை எழுதியிருந்தது. பத்திரிகைதான் பிழைவிட்டது என்று ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். தோற்றவரையோ கோழை என்று ஒரே வரியில் முடித்திருந்தேன்.

அச்சக நண்பரிடம் போனேன்.

"அண்ணை, நூற்றிமுப்பத்திநாலு வருசத்துக்கு முந்தின வோட்டு. இஞ்ச ஆர் எண்ணிப் பாக்கப் போகினம்?"

"நான் எண்ணிப்போட்டன், தம்பி."

"அப்ப சின்னத் திருத்தத் துண்டொண்டு அடிச்சு உள்ளுக்க வைப்பம்."

"துண்டு விழுந்திடும். கோழை எண்டது நிக்கும்."

அவர் பெருமூச்சு விட்டு, பிழையான தாளை மட்டும் புதிதாக அடித்துத் தர ஒப்புக்கொண்டார். நடுவில் கம்பி தைத்த நூல் அது. ஒரு தாளை மாற்றினால் நான்கு பக்கங்கள் மாறும். கூடவோ குறையவோ முடியாது. தோற்றவருக்கு இடம் கொடுக்க, நான் ஆசையாய் எழுதிய அவைக் காட்சி முழுவதையும் வெட்டினேன்.

சாப்பாட்டு மேசையில் மனைவி கத்தி முனையால் கம்பிகளை நெம்பினாள். நான் தாளை மாற்றித் திரும்பத் தைத்தேன்.

"அப்ப உங்கட ஆள் அண்டைக்கு என்னதான் செய்தவர்?"

"ஊர்க் கோட்டில வழக்காடிக்கொண்டு நிண்டவர். ஒரு மாட்டு வழக்கு."

"வெண்டவரே?"

"இல்லை."

அவள் சிரித்துக்கொண்டே அடுத்த பிரதியை இழுத்தாள். வெளியீட்டுக்கு முதல் நாள் மத்தியானம் இருநூறாவதையும் தைத்து முடித்தோம். மேடையில் வாசித்த பட்டியலில் தோற்றவரின் பெயரை மட்டும் நிறுத்தி, இரண்டு தரம் வாசித்தேன்.