வலது மார்பில் நாலு பதக்கம்

பனியன் கம்பெனியில் லோகோ என்றால் இடது மார்பில்தான். போட்டுக்கொள்பவருக்கு இடது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சரியாகச் சொல்லுவோம். அந்தப் பழக்கம்தான் ஒருநாள் எங்களைக் கவிழ்த்தது.

திருப்பூர் பக்கம் முதலிபாளையத்தில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் நான் சாம்பிள் செக்‌ஷன் இன்சார்ஜ். இங்கிலாந்து மார்கரெட் அம்மா எங்கள் பழைய பையர். எழுபது தாண்டியவர். ஆர்டர் கொடுப்பதை நிறுத்திய பிறகும் வருஷா வருஷம் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவார். அவர் தனக்காக ஒரு கறுப்பு ஜாக்கெட் கேட்டிருந்தார். மார்பில் நாலு குட்டிப் பதக்கம், எம்பிராய்டரியில்.

அவருடைய அப்பா பிரிட்டிஷ் குதிரைப்படை அதிகாரி. குதிரை ஏறப் போனவரிடம் பிறகு டாங்கியைக் கொடுத்துவிட்டார்களாம். பாலைவனச் சண்டையில் எரிகிற டாங்கியிலிருந்து ஆட்களை இழுத்துப் போட்டதற்கு ஒரு பதக்கம். ராணுவ இரவு விருந்துக்குப் பெரிய பதக்கம் குத்த மாட்டார்கள், பாதி அளவில் தனியாக ஒரு செட் உண்டு. அப்பாவின் அந்தக் குட்டி செட் திருடு போய்விட்டது. கடையில் நகல் வாங்கிக் குத்த மார்கரெட் அம்மாவுக்கு மனசு வரவில்லை. அப்பாவின் ரெஜிமெண்ட் விருந்துக்கு நம் திருப்பூர் நூலோடு போக ஆசைப்பட்டார்.

அப்பாவின் போட்டோவோடு அவர் அனுப்பிய ஸ்கெட்சில் பதக்கங்கள் வலது பக்கம் இருந்தன. பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கவிதா அதைப் பார்த்தார்.

"ஏனுங்ணா, அம்மா சைடு மாத்திப் போட்டுட்டாங்க. நான் லெஃப்டுக்குக் கொண்டாந்துட்டேனுங்க."

"ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

"இதையெல்லாமா கேக்கறதுங்க? அவங்கப்பா போட்டோலயே லெஃப்டுலதானுங்க இருக்குது!"

போட்டோவிலும் அப்படித்தான் இருந்தது. மிஷினில் ஏற்றினோம். மணல் நிற ரிப்பன், நடுவில் சிவப்புக் கோடு, கீழே குட்டி நட்சத்திரம். கண் பட்டுவிடும், அவ்வளவு அழகு.

அந்த வருஷமும் திருப்பூர் வந்திருந்த அம்மா, ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் வந்து போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன்னால் அப்படியே நின்றுவிட்டார். முகம் செத்துப்போனது.

"இடது பக்கம் குத்தினால் சண்டை போட்டது நான் என்று அர்த்தம். செத்தவருடைய பதக்கத்தைப் பிள்ளைகள் வலது பக்கம்தான் குத்துவோம். இதோடு நான் அங்கே போக முடியாது" என்று இங்கிலீஷில் சொன்னார். விருந்து மறுநாள். விமானம் அன்றைக்கே ராத்திரி.

கவிதாவுக்கு அழுகை முட்டியது. "பிரிச்சரலாங்களாண்ணா?"

"நிட் துணிம்மா. பிரிச்சா ஊசி ஓட்டை சல்லடையாட்டத் தெரியும். முன்பக்கம் ரெண்டையும் புதுசா வெட்டச் சொல்லு."

நல்ல காலம், அதே லாட் துணி கொஞ்சம் மிச்சமிருந்தது. இல்லாவிட்டால் ஷேடு மாறி நாறிப்போயிருக்கும். மறுபடி நூல் ஏறுகிற நேரம் முழுக்க அம்மா மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்குக் கீழே சின்ன வயதில் வேலை பார்த்த சிப்பாய் ஒருவர் வருஷா வருஷம் விருந்துக்கு வந்துகொண்டிருந்தாராம். போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். தனக்குக் கல்யாணமில்லை, கூடப்பிறந்தவர் இல்லை, தனக்கப்புறம் இதைப் போட ஆளில்லை என்று சாதாரணமாகச் சொன்னார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பையர் கேட்டதில் கோணலாக ஏதாவது கண்ணில் பட்டால் நீங்களாகத் திருத்தாதீர்கள், ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கோணலாகத் தெரிவதுதான் சில சமயம் அவருக்கு முக்கியம்.

சாயங்காலம் ஜாக்கெட் தயாரானது. போட்டுக்கொண்டவர் கண்ணாடிப் பக்கமே போகவில்லை. என் முன்னால் வந்து நின்றார். "நேராக இருக்கிறதா? வீட்டில் பார்த்துச் சொல்ல யாருமில்லை" என்றார்.

குனிந்து, நிமிர்ந்து, நன்றாகப் பார்த்தேன். "நேரா இருக்குதுங்கம்மா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கை நீட்டி, உள்ளே மடிந்து கிடந்த என் சட்டைக் காலரை எடுத்துவிட்டார். காலையிலிருந்து அப்படியேதான் இருந்தது என்றார். மனைவி தவறிப் போனதிலிருந்து நான் காலரைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. ஃப்ளோரில் அத்தனை பேர் இருந்தார்கள், ஒருத்தரும் சொல்லவில்லை.