இடுப்பில் உருகிய எண்ணெய்

அந்த ஜனவரியில் டில்லியைச் சுற்றிப் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். நான் கொடுத்த கோல்டு கிரீமை முகர்ந்துவிட்டு, "இதுல என்ன எளவக் கலந்திருக்கானோ!" என்று தள்ளிவைத்தார். காலையும் மாலையும் அவர் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய்தான். ஆனால் நாங்கள் குடியிருந்த கிட்வாய் நகர்க் குளிரில் அது மெழுகாக உறைந்துவிடும். அதனால் ஒரு சின்ன பாட்டிலில் அடைத்து, உடம்புச் சூட்டில் உருகட்டும் என்று இடுப்பில் செருகிக்கொள்வார்.

செங்கோட்டை வாசலில், பெண்களைச் சோதிக்கும் இடத்தில் அது அகப்பட்டது. "யே க்யா ஹை?" என்று அதட்டிய பெண் போலீஸ், பின்னால் நின்ற என்னிடம், இவர் உங்களோடு வந்தவரா என்று இந்தியில் கேட்டாள். வரிசையே எங்களைப் பார்த்தது. கூச்சத்தில் என் வாயில் வந்தது, 'இல்லை' என்கிற ஒரே இந்திச் சொல்தான்.

"நஹி."

நாத்தனார் அசரவில்லை. பாட்டிலைத் திறந்து தன் கன்னத்தில் தேய்த்துக் காட்டினார். பிறகு, பனியில் வெடித்திருந்த அந்தப் பெண்ணின் கையை இழுத்து, "ஏட்டி, காஞ்ச வயக்காடு மாதிரிலா கெடக்கு!" என்று பூசிவிட்டார். அவள் சிரித்துக்கொண்டே மறு கையையும் நீட்டினாள்.

உள்ளே போனதும் காற்றில் என் உதடு வெடித்து எரிந்தது. கோல்டு கிரீம் கைவிட்டுவிட்டது.

"மதினி, எனக்கும் கொஞ்சம் எண்ணெய் தாங்களேன்."

டில்லியில் அவர் கற்றுக்கொண்ட ஒரே இந்திச் சொல்லை அப்போதுதான் கேட்டேன்.

"நஹி."

சொல்லிவிட்டு, பாட்டிலை என் உள்ளங்கையில் வைத்தார். அவர் இடுப்புச் சூடு அதில் இன்னும் ஆறியிருக்கவில்லை.