ஆள் கிளம்பியாச்சுங்க

பீளமேட்டில் தண்ணீர் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில், புகார் போனுக்கு முன்னால் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவள் கனகம். மோட்டார் நன்றாக ஓடுகிறது என்று சொல்ல எந்த மகராசனும் போன் செய்வதில்லை. புகைந்தால், நின்றால்தான் மணி அடிக்கும். அத்தனை வருடமும் அவள் காதில் விழுந்ததெல்லாம் அடுத்தவர் வயிற்றெரிச்சல்தான். அதற்கு அவள் கையில் ஒரே ஒரு மருந்து இருந்தது. "ஆள் கிளம்பியாச்சுங்க."

பெரும்பாலும் எந்த ஆளும் கிளம்பியிருக்க மாட்டான். இருந்ததே நாலைந்து மெக்கானிக்குகள். கொடுமுடியிலிருந்து மதுக்கரை வரைக்கும் அவர்கள்தான் ஓட வேண்டும். "இல்லைங்கிற வார்த்தை நம்ம ஆபீசுல இருக்கப்படாது அம்மணி" என்பது மேனேஜர் வேங்கடசாமியின் வேதம். இல்லை என்றால் சண்டை, கிளம்பியாச்சு என்றால் அரை நாள் நிம்மதி. யாருக்கு நிம்மதி என்று யாரும் கேட்டதில்லை. கனகத்தின் குரலும் அதற்கென்றே வாய்த்தது. கொதித்துக்கொண்டு கூப்பிட்டவர்கள்கூட, "சரிங்க அம்மணி, கொஞ்சம் பாத்து அனுப்புங்க" என்று அடங்கிப் போனை வைத்துவிடுவார்கள்.

ஒரு நாள் கொடுமுடிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். மஞ்சப்பையிலிருந்து காய்ந்து சுருண்ட மஞ்சள் செடி ஒன்றை எடுத்து அவள் மேஜைமேல் வைத்தார். "நாலு நாளா ஆள் கிளம்பிட்டே இருக்காருங்களாம். செடி முந்திக்கிச்சுங்க" என்றார். அவர் திட்டவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார், குடித்தார், "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் கனகத்துக்கு மத்தியானம் சோறு இறங்கியிருக்கும்.

அந்த மாதமே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். அப்போது அவளுக்கு முப்பத்தி மூன்று வயது. செஞ்சேரிமலைப் பக்கம் அவள் புருஷன் தம்பிதுரை பங்குக்குக் கொஞ்சம் மேட்டுக்காடு இருந்தது. சோளத்தை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவன் பிழைப்பு. குடும்பம் ஓடியது அவள் சம்பளத்தில். பல்லடம் வட்டாரமெங்கும் கறிக்கோழிக் கொட்டகைகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது, கனகமும் ஒன்று போடத் துணிந்தாள். கோழிக் கம்பெனி குஞ்சும் தீனியும் தரும். கொட்டகையும் தண்ணீரும் பாடும் நம்முடையது. நாற்பது நாளில் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். முதல் தடவை வளர்த்தது தேறினால்தான் அடுத்த குஞ்சு. தேறவில்லை என்றால் கொட்டகையில் ஆடு கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"பேனுக்கடியில உக்காந்து சம்பளம் வாங்கறதை உட்டுப்போட்டு, கோழிப்பீ அள்ளப் போறாளாமா" என்று நாத்தனார் தெய்வாத்தாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வேங்கடசாமி நல்ல மனசோடு சொன்னதுதான் முள்ளாகத் தைத்தது. "உங்க இடத்துக்கு நீங்க பழக்கிவிட்ட மௌனிகா சின்னப் புள்ளை. பக்கத்துல உங்க சேரைப் போட்டே வெச்சிருப்பேனுங்க. கோழி காலை வாரி உட்டுச்சுன்னா தயங்காம வந்துருங்க." அன்றிலிருந்து கனகத்தின் கனவில் கோழி வந்ததில்லை. அந்த நாற்காலிதான் வந்தது.

குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன. லாரி வர இரண்டு நாள் இருந்தது, கோழிகள் தளதளவென்று இருந்தன. அக்கினி நட்சத்திரம் மட்டும் எரித்துக்கொண்டிருந்தது. கறிக்கோழிக்கு உடம்புதான் பெரிது, உயிர் சின்னது. மத்தியான வெயிலில் குடிக்கத் தண்ணீரும் மேலே தூவத் தண்ணீரும் இல்லையென்றால் ஒரே நாளில் கொட்டகை சுடுகாடாகிவிடும். அப்படிப்பட்ட நாளில், காலைச் சோறு உண்ணும் நேரத்துக்கு, போர் மோட்டார் ஒரு தரம் உறுமிவிட்டு நின்றது. தீய்ந்த வாடை வந்தது. தொட்டியில் கால்வாசிகூடத் தண்ணீர் இல்லை.

மோட்டார் அவள் வேலை பார்த்த கம்பெனியினுடையதுதான். பக்கத்துத் தோட்டத்து வரதராஜுலு வீட்டில் போன் இருந்தது. கனகம் ஓடிப்போய்க் கூப்பிட்டாள். தான் யாரென்று அவள் சொல்லவில்லை. கோழி காலை வாரிவிட்டது என்று அந்த ஆபீசில் ஒரு வாய் பேசிவிடக் கூடாது என்கிற வீம்பு. தம்பிதுரை பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, "கோழியெல்லாம் சாகக் கிடக்குதுங்க" என்றாள். ஓடிவந்த மூச்சிரைப்பில் அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"கவலையே படாதீங்க" என்றது மறுமுனை, தேன் ஒழுக. "ஆள் கிளம்பியாச்சுங்க."

கனகத்துக்கு உயிர் வந்தது. இதைத்தான் என்னால் இன்றைக்கும் சீரணிக்க முடியவில்லை. பதினோரு வருடம் அந்த வார்த்தையை விற்றவள், அன்றைக்கு அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"டேங்கர்ல தண்ணி கொண்டாந்து ஊத்தட்டுமா அம்மணி?" என்று வரதராஜுலு கேட்டார்.

"வேண்டாமுங்ணா, உங்க வாழைக்கே பத்தாது. ஆள் கிளம்பியாச்சுங்களாம்."

வீட்டில் தம்பிதுரை சைக்கிளை எடுத்துக்கொண்டு நின்றான். "சுல்தான்பேட்டையில மோட்டார் பாக்கறவன் ஒருத்தன் இருக்கறான். கூட்டியாரட்டுமா?"

"வெளியாளு கை வெச்சா கியாரண்டி போயிருமுங்க. கம்பெனி ஆளே வாராங்க."

அவன் சைக்கிளைச் சாத்தினான். அவள் டீத்தண்ணிகூட வைத்துவிட்டு ரோட்டு முனையில் போய் நின்றாள். பஸ் வந்தது, போனது. வண்டிச் சத்தம் கேட்ட போதெல்லாம் நாலடி முன்னால் நடந்தாள். பொழுது உச்சிக்கு ஏறியது. கொட்டகைக்குள் அத்தனை கோழியும் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, ஒரே சீராக இரைத்துக்கொண்டிருந்தன. தொட்டி காய்ந்தது. வலை ஓரத்திலிருந்த ஒரு கோழி இரண்டு தரம் துள்ளி மல்லாந்து விழுந்தது.

"ஏனுங்க, எவ்வளவு நேரமாச்சு கிளம்பி?" என்று வெற்று ரோட்டைப் பார்த்து அவள் வாய்விட்டுக் கேட்டாள்.  இதே கேள்வியை எத்தனை பேர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள்! அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியும். பாதி வழி வந்திருப்பாருங்க. இங்கே யாரும் பாதி வழியிலும் இல்லை, கால் வழியிலும் இல்லை. அந்தத் தேன் குரல் மௌனிகாவினுடையது. அந்தத் தேனை ஊற்றிக் கொடுத்தவளே இவள்தான்.

செருப்பில்லாமல் மறுபடி வரதராஜுலு வீட்டுக்கு ஓடினாள். வீம்பெல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

"கண்ணு, நான் கனகம் பேசறேன். தம்பிதுரை எங்க ஊட்டுக்காரரு. நெசத்தைச் சொல்லு. கிளம்பினாங்களா?"

 "அக்கா… யாருமே கிளம்பலைங்க்கா. ரசாக் அண்ணன் மதுக்கரையில இருக்காரு. நாளைக்குக் காலையிலதான் வருவாரு. உங்களுதுன்னு தெரியாமப் போச்சுங்க்கா" என்று அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். சமாதானம் சொல்ல நேரமில்லை. திட்டவும் வாய் வரவில்லை. யாரைத் திட்டுவது? அதே நேரம் அங்கே இன்னொரு போன் அடித்தது. மௌனிகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதை எடுப்பதும், "ஆள் கிளம்பியாச்சுங்க" என்று யாருக்கோ சொல்வதும் கனகத்தின் காதில் விழுந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அண்ணா, தண்ணி வேணுமுங்க. யாரும் வரல."

"இதைக் காலையிலயே சொல்லியிருந்தா என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்று வரதராஜுலு சத்தம் போட்டார். சத்தம் போட்டுக்கொண்டேதான் டிராக்டரில் டேங்கரை மாட்டினார். அவர் வாழைக்கு அன்று பாய வேண்டிய தண்ணீர் கோழிக் கொட்டகைக்கு வந்தது. அவர் மனைவி வெங்கடலட்சுமி மருந்தடிக்கும் தெளிப்பானைக் கழுவி எடுத்து வந்தாள். தம்பிதுரை அதை முதுகில் மாட்டிக்கொண்டு கோழிகள்மேல் பன்னீர் தூவுவதுபோலத் தூவினான். சாக்குகளை நனைத்து வலை முழுக்கத் தொங்கவிட்டார்கள். கட்டிய கொஞ்ச நேரத்தில் அவை காய்ந்து வெடவெடத்தன, மறுபடி நனைத்தார்கள். கனகம் குனிந்தபடியே நடந்து, படுத்துக் கிடந்த ஒவ்வொரு கோழியையும் தூக்கித் தண்ணீரில் முக்கி நிறுத்தினாள். சில நின்றன, சில கையிலேயே தொங்கின. ஒரு மூலையை முடித்துத் திரும்பினால் அடுத்த மூலையில் விழுந்து கிடக்கும். அவளுக்கு வாய்விட்டு அலற வேண்டும்போல இருந்தது, அலறினால் கோழி மிரளும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்தபோது மூன்று சாக்கு நிறையச் செத்த கோழிகள் இருந்தன. மற்றவை பிழைத்திருந்தன. தம்பிதுரை குழி வெட்டிக்கொண்டே, "உங்க கம்பெனிக்காரன் பேச்சைக் கேட்டு இப்படி ஆகிப்போச்சு" என்றான்.

"அது அவங்க பேச்சில்லைங்க. என்ற வாயில இருந்து போன பேச்சு" என்றாள் கனகம். 

மறுநாள் காலையில் மெக்கானிக் ரசாக் வந்தான். அவளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, உங்க ஊடுன்னு தெரிஞ்சிருந்தா நேத்து ராத்திரியே வந்திருப்பேனுங்க."

"தெரியாதவங்க ஊடுன்னா?" என்று கேட்டாள். அவன் மோட்டாரைத் தூக்கிச் சரிசெய்து, டீகூட வேண்டாம் என்று போய்விட்டான்.

அன்று சாயங்காலம் கோழிக் கம்பெனி சூப்பர்வைசர் சசிதர் வந்து கொட்டகையையும் குழியையும் பார்த்தார். "இந்த வெயில் காய்ச்சல்ல இவ்வளவு தேத்தினதே பெருசுங்க. நாளைக்குக் காலையில லாரி வந்துரும். இப்படியே எடை நின்னா அடுத்த குஞ்சு உங்களுக்குத்தான். இன்னொரு மத்தியானம் இப்படிச் செத்துக் கொட்டிப்போச்சுன்னா மேலாபீசுல என்னால பேச முடியாது. பாத்துக்கங்க" என்றார்.

லாரி வரும் நாள் விடிந்தது. ஏற்றும் கோழிக்குத் தீனி வைக்கக் கூடாது. ஈரச் சாக்கெல்லாம் கழற்றி, தண்ணீர்ச் சட்டிகளை வெளியே எடுத்து, ஆள் புழங்க வழி விட வேண்டும். தம்பிதுரை அதற்கெல்லாம் தயாராகிக் கேட்டான், "கழட்டிப்போடட்டுமா? லாரி வாரதுதானே?"

"கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுக் கனகம் வரதராஜுலு வீட்டுக்குப் போனாள். கோழிக் கம்பெனி போனை எடுத்தது ஒரு சின்னப் பெண். இதற்கு முன் கேட்டறியாத குரல்.

"லாரி கிளம்பியாச்சுங்க அம்மணி" என்றது அந்தக் குரல்.

 "கண்ணு, சாப்பிட்டியா?" என்று கனகம் கேட்டாள்.

அந்தப் பெண் திகைத்தது தெரிந்தது. "இ… இன்னும் இல்லைங்க."

"நானும் உன்ற மாதிரி போன்ல உக்காந்து பேசினவதான். கிளம்பலீன்னா கிளம்பலீன்னு சொல்லு. சத்தியமா நான் கோவிச்சுக்க மாட்டேன். தெரிஞ்சா கோழிக்கு ஒரு வழி பண்ணிக்குவேன், அவ்வளவுதான்."

அங்கே மேஜையில் பேனா உருளும் சத்தம் கேட்டது. யாரோ பக்கத்தில் இருந்தார்கள் போல, அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னும் கிளம்பலைங்க்கா. டிரைவர் வரல. நாளைக்கு விடியத்தான் வரும்."

"சரி கண்ணு. போய்ச் சாப்பிடு."

சாக்குகள் கழற்றப்படவில்லை. தீனி கொஞ்சம் போட்டார்கள், தொட்டியை நிரப்பினார்கள், தெளிப்பான் பகலெல்லாம் ஓய்வில்லாமல் ஓடியது. அன்று செத்தவை ஒரு கூடைக்குள் அடங்கின. மறுநாள் விடியலில் லாரி வந்தது, எடை நின்றது, அடுத்த குஞ்சும் வந்தது. பீளமேட்டு நாற்காலி கடைசிவரை காலியாகவே கிடந்தது.

ஆனால் போனை வைத்த அந்த நேரத்தில் இதில் எதுவும் கனகத்துக்குத் தெரியாது. அவளுக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். பதினோரு வருடத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், கோவிச்சுக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தால், அவளும் நிஜத்தைச் சொல்லியிருப்பாள். கொடுமுடிக்காரரின் மஞ்சளும் பிழைத்திருக்கும். சாக்குச் சாக்காகக் கோழியைப் புதைத்தபோது வராத கண்ணீர் இப்போது பொலபொலவென்று வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள்.

வெங்கடலட்சுமி பதறிப்போய் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "என்ன அம்மணி, என்னாச்சு?"

"ஒண்ணுமில்லைங்க்கா" என்று கனகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "லாரி இன்னும் கிளம்பலையாம்."