கடலுக்கு மூச்சு வாங்கியது

என் கதைகளில் பெண்கள் கடைசியில் கடலாகிவிடுவார்கள். புருஷனிடம் அடிபட்டவள் அலையாக எழுவாள். பிள்ளையை இழந்தவளின் கூந்தலிலிருந்து உப்புநீர் சொட்டும். நான் பேரையூர்ப் பக்கத்துக்காரி. தண்ணீருக்குக் குடத்தோடு அலைந்த ஊரில் பிறந்தவளுக்குக் கடல் என்றால் கேட்கவா வேண்டும்! போன வருஷம் வந்த நாவலில் ஒரு கடல்தாய் வருவாள். ஆறுகளெல்லாம் ஊர் அழுக்கைக் கொண்டுவந்து கொட்டினாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வாள்.

நாகமலை புதுக்கோட்டையில் அந்த நாவலுக்கு ஒரு கூட்டம் நடந்தது. ஒரு மாணவி எழுந்து, "மேடம், அந்தக் கடல்தாய் யாரு?" என்று கேட்டாள். முன்வரிசையில் என் சின்ன மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாவைக் கைகாட்டினேன்.

"அந்தா இருக்காங்க. கடலுக்குச் சலிப்பே கிடையாது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அம்மா வெட்கப்பட்டு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எனக்கோ தலைகால் புரியவில்லை.

வில்லாபுரத்தில் எங்கள் வீடு மாடியில். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீரைக் கீழே தெருக்குழாயில் பிடித்து மேலே தூக்கவேண்டும். அம்மாதான் தூக்குவாள். நான் கல்லூரி, கூட்டம், அடுத்த நாவல் என்று ஓடிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு சாயங்காலம் வீடு திரும்பினால், அம்மா படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் நிறைகுடம். உதடு வெளுத்துப்போய், பேச முடியாமல் மூச்சு இரைக்கிறது.

இதயம் பலவீனமாக இருக்கிறதாம். "ரொம்ப நாளாவே மூச்சு வாங்கியிருக்குமே, வீட்டுல யாரும் கவனிக்கலையா?" என்றார் டாக்டர்.

"ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!" ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பாராமல் கத்தினேன்.

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அம்புட்டுப் பேரு முன்னாடி எனக்குச் சலிப்பே கெடையாதுன்னு சொன்ன. எல்லாரும் கையத் தட்டுனாக. அப்பறம் போயி முடியலடின்னு எப்படித்தா சொல்றது?"

அதற்குப் பதில் கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால் தேவலை. அம்மாவைத் தெய்வமாக்கி அடுப்படியிலேயே உட்காரவைத்துவிடுகிறார்கள் என்று ஆண் எழுத்தாளர்களை வகுப்பில் கிழிகிழியென்று கிழிப்பவள் நான். நான் செய்தது மட்டும் என்னவாம்? கடல் என்று பட்டம் கொடுத்து, குடத்தையும் இடுப்பில் வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இப்போது கேன் தண்ணீர் வாங்குகிறோம். அம்மா எதையும் தூக்கக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பு. இதை எழுதி முடித்துவிடவேண்டும் என்று காலையிலிருந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே சின்னவன் சோறு வேண்டாமென்று ஓடுகிறான். கிண்ணத்தோடு அவன் பின்னால் போகிற காலடிச் சத்தம் நடுவில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடக்கிறது. நான் இன்னும் எழுந்து போகவில்லை.