ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலி

குழாய் ரிப்பேர் பார்க்கிறவரிடம் உலகம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எப்ப வர்றே?" இதில் வயது வித்தியாசமெல்லாம் கிடையாது. முன்பல் விழுந்து முளைக்காத பொடியன்கூட மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்துவான்: "யோவ், எங்கம்மா கேக்கறாங்க, எப்ப வர்றே?" அப்பாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. வருகிறேன் என்று சொன்னால் வந்துவிடுகிறவர். அந்தத் தொழிலில் அப்படி இன்னொருவர் இருந்தால் காட்டுங்கள், கும்பிட்டுக்கொள்கிறேன். பின்வாசல் வழியாகப் போவார். தான் வைத்த ஈரக் கால்தடத்தைத் தன் துணியாலேயே துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகவே வெளியே வருவார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் கதை வேறு.

ஐந்தரைக்கெல்லாம் துணி துவைக்கிற சோப்புத் தூளையும் பழைய பல் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வாளி முன் குந்திவிடுவார். பத்து நகத்தையும் இருபது நிமிஷம் தேய்ப்பார். கறுப்பு பாதிதான் போகும். மிச்சம் தோலோடு கூடப் பிறந்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். "நகத்துக்குப் பதிலா விரலையே மாத்திடுங்க, சுலபம்" என்பாள் அம்மா. அப்பா சிரித்துக்கொண்டே வெள்ளைச் சட்டையை மாட்டுவார். ஆறரை மணிக்கு சேவைச் சங்கத்தின் வாராந்தரக் கூட்டம். அம்மா அதற்கு வைத்திருந்த பெயர் 'மணியடிக்கிற சங்கம்', ஏனென்றால் அங்கே வாயைத் திறக்கவும் மூடவும் தலைவர் ஒரு பித்தளை மணியை அடிப்பார்.

சங்கம் மாடியில். கீழே சங்கம் நடத்துகிற இலவச மருந்தறை. ஆறாத கால் புண்ணோடு வருகிறவர்களுக்கு ஒரு நர்ஸ் அக்கா கழுவிக் கட்டுப் போடுவார். மாடிப்படி ஏறியதும் சுவரில் ஒரு மரப்பலகை. அதில் முப்பத்து நான்கு கொக்கி, கொக்கிக்கு ஒரு பேட்ஜ், பேட்ஜில் பெயரும் தொழிலும். வந்தவர் தன்னுடையதை எடுத்துக் குத்திக்கொண்டு உள்ளே போக வேண்டும். கடைசியில் எத்தனை தொங்குகிறதோ அத்தனை பேர் வரவில்லை என்று அர்த்தம். அப்பா பதினான்கு வருஷத்தில் ஒரு வியாழக்கிழமைகூடத் தொங்கியதில்லை.

பேட்ஜ் குத்தியதும் வாசலில் தலைவர் நிற்பார். இப்போதைய தலைவர் ஒரு பல் டாக்டர். "வாங்க நண்பரே, வாங்க வாங்க!" என்று கையைப் பிடித்துக் குலுக்குவார். அந்த மூன்று வாங்கவுக்காகத்தான் அப்பா இருபது நிமிஷம் நகம் தேய்த்தார் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. உள்ளே சூப், ரொட்டி, யாராவது ஒருவரின் போரடிக்கிற பேச்சு, கடைசியில் மணி. மற்ற ஆறு நாளும் 'எப்ப வர்றே', ஒரு நாள் 'வாங்க வாங்க'. ஒரு மனுஷன் இதை ஆசைப்படக் கூடாதா?

அவர் அங்கே சேர்ந்ததே ஒரு தண்ணீர்க் கதை. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது மொட்டை மாடித் தொட்டி விரிசல் விட்டு, மின்விசிறி வழியாக மழை பெய்ததாம். ஆள் அனுப்பி அப்பாவைக் கூப்பிட்டார்கள். மூன்று மணி நேரம் தொட்டிக்குள் கிடந்து அடைத்தார். கூலி கொடுத்தபோது, "கீழ புண்ணுக்குச் சும்மா கட்டுப் போடறீங்க. நான் மட்டும் வாங்கினா நல்லாவா இருக்கும்?" என்றாராம். அப்போது தலைவராக இருந்தவர் ஒரு ரிட்டையர்டு தலைமையாசிரியை. அவர் பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு, "நம்ம சங்கத்துல ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலி. குழாய்த் தொழிலுக்கு ஆளே இல்லையே" என்று அடுத்த வாரமே பேட்ஜ் அடிக்கச் சொல்லிவிட்டார்.

மற்றவர்கள் செக் எழுதினார்கள். அப்பாவுக்கு எழுத ஏது செக்? ஞாயிற்றுக்கிழமைகளை எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிப் பின்கட்டு, முதியோர் இல்லம், பள்ளிக்கூடம் என்று ஒழுகுகிற குழாயே இல்லாமல் செய்தார். சங்கத்தின் வருட மலரில் 'குடிநீர்த் திட்டம்' என்று பக்கம் பக்கமாகப் படம் வரும். ரிப்பன் வெட்டுகிறவர், கத்தரிக்கோல் தட்டு ஏந்துகிறவர், தட்டை எட்டிப் பார்க்கிறவர் எல்லோரும் முகம் முகமாக இருப்பார்கள். அப்பாவின் முழங்கை மட்டும் எட்டு மலர்களில் இருக்கிறது. அதைக் கத்தரித்து ஒட்டினால்கூட முழு அப்பா வர மாட்டார்.

குடும்பத்தாரை அழைக்கிற மாலை ஒன்று வருஷத்துக்கு ஒருமுறை உண்டு. அப்படிப் போன ஒரு தடவை அந்தப் பலகையில் இருந்த பேட்ஜையெல்லாம் நான் இடம் மாற்றித் தொங்கவிட்டேன். பார்க்காமலே எடுத்துக் குத்திக்கொண்டார்கள். பல் டாக்டர் நெஞ்சில் 'சவப்பெட்டி விற்பனை' என்று எழுதியிருக்க, ஈறு பாதுகாப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அம்மா என் காதைத் திருகினாள். அப்பா வழியெல்லாம் ஸ்கூட்டரை ஓட்ட முடியாமல் சிரித்தார்.

அந்தப் பல் டாக்டரும் செயலாளர் வக்கீலும் போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பதினான்கு வருஷத்தில் முதல் தடவை. டீயை உறிஞ்சிவிட்டு டாக்டர் ஆரம்பித்தார்.

"ஒரு சின்ன விஷயம் நண்பரே. பாத்ரூம் ஷோரூம் முதலாளி இருக்காரில்ல, அவர் ஸ்கூலுக்குப் பன்னெண்டு கழிப்பறை கட்டித் தர்றேங்கறார்."

"ரொம்ப நல்லது சார். நானே மாட்டிக் குடுத்துடறேன்."

"அதில்ல. அவர் உறுப்பினரா சேரணும்னு ஆசைப்படறார்."

"சேரட்டுமே சார்."

வக்கீல் தொண்டையைக் கனைத்தார். "விதின்னு ஒண்ணு இருக்கே. ஒரு தொழிலுக்கு ஒருத்தர். அவரும் குழாய், நீங்களும் குழாய்."

அம்மா சமையலறைக் கதவருகே வந்து நின்றாள். "பன்னெண்டு கழிப்பறைக்கு எங்க வீட்டுக்காரர் ஒருத்தரா? மலிவாத்தான் குடுக்கறீங்க."

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. பிறகு தன் நகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "ஸ்கூல் பிள்ளைங்களுக்குன்னா நான் என்ன சார் சொல்லப்போறேன். பேட்ஜ் வேணாம். வியாழக்கிழமை சும்மா வந்து பின்னால உக்காந்துக்கலாமில்ல?"

"உங்களைக் கௌரவ உறுப்பினர் ஆக்கறோம்! வருஷத்துக்கு ஒரு பிக்னிக், குடும்பத்தோட."

"வியாழக்கிழமை?"

"நாற்காலி இடிக்குமே, நண்பரே."

முப்பத்து நாலு நாற்காலி போட்ட ஹாலில் முப்பத்தைந்தாவது போட்டால் எதில் இடிக்கும் என்று நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். டாக்டர் போகும்போது பிஸ்கட் நன்றாக இருந்தது என்றார். அந்த பிஸ்கட்டை நான் முன்னாடியே நக்கி வைத்திருக்க வேண்டும். தோன்றவில்லை. இன்றுவரை அந்த வருத்தம் உண்டு.

வழியனுப்பு விழா அடுத்த வியாழக்கிழமை நடந்தது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். டாக்டர் அப்பாவை 'நீரின் நண்பர்' என்றார், எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மரக்கட்டை மேல் தங்க நிறத்தில் ஒரு குழாய். அப்பா வாங்கினார். கை பழக்கம் பாருங்கள், வாங்கிய வேகத்தில் அந்தப் பிடியைத் திருகிப் பார்த்தார். அது திரும்பவில்லை. கவிழ்த்துப் பார்த்தார். வாயில் துளை இல்லை. ஹால் முழுக்கச் சிரிப்பு. டாக்டர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "விட்டா வாஷர் மாத்திடுவார் போல!" அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஆணியால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பித்தளை இல்ல பாப்பா. பெயிண்ட் அடிச்ச பிளாஸ்டிக். இதை எடுத்துக்கணும்னா நீதான் எனக்கு ஏதாவது குடுக்கணும்."

அடுத்த வியாழக்கிழமை வந்தது. ஷோரூம்காரர் உறுப்பினராகச் சேர்கிற நாள். ஐந்தரைக்கு வாளிப் பக்கம் சரக் சரக் என்று சத்தம். அப்பா நகம் தேய்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம். பிறகு வெள்ளைச் சட்டை. பிறகு சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் அம்மா, மெதுவாக.

"எங்கயும் இல்ல."

நான் அவர் பையிலிருந்து வால்வு சாவியை எடுத்தேன். பத்தாவதில் எனக்கு எந்தப் பாடமும் ஏறவில்லை, அங்கேயே நிறுத்திவிட்டேன். ஆனால் ஊரில் எந்தக் கட்டடத்துக்கு எங்கே வால்வு என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சங்கத்துப் பின்புறம், இரும்பு மூடிக்குக் கீழே மெயின் வால்வு, தொட்டித் தண்ணீர் கட்டடம் முழுக்கப் போகிற வழி. சைக்கிளை மிதித்துப் போய், மூடியைத் தூக்கி, வால்வைக் கால் சுற்று திருகி அடைத்தேன். மேலே மணியடித்துக் கை தட்டுகிற சத்தம் கேட்டது. ஏழு மணிக்கு வீட்டில் வந்து நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

ஏழே காலுக்கு போன் வந்தது. அப்பாவின் போனில் காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்யும். அதனால் வீடு முழுக்கக் கேட்டது. டாக்டரின் குரல்தான்.

"யோவ், எப்ப வர்றே?"

அப்பா போனைத் திருப்பி, பெயர் சரியாகத்தான் வந்திருக்கிறதா என்று பார்த்தார்.

"என்ன சார்?"

"ஒரு சொட்டுத் தண்ணி இல்லய்யா! சூப்பு ஊத்திக் கையெல்லாம் பிசுபிசுங்குது. ஷோரூம்காரர் வேற டாய்லெட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டுக் கத்தறார். சீக்கிரம் வா!"

"குழாய்க்கு அவர்தானே சார் உறுப்பினர்?"

"வெளையாடாதய்யா. அவர் குழாய் விக்கறவர், மாட்டறவரா?"

அப்பாவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. நான் பிறந்ததிலிருந்து அதைப் பார்த்ததில்லை.

"அப்ப ரெண்டும் வேற வேற தொழிலா சார்?"

எதிர்ப்பக்கம் பின்னால் யாரோ ஸ்பூனைத் தட்டில் போடுகிற ஒலி மட்டும் வந்தது.

"இதை அன்னிக்கு டீ குடிக்கும்போது சொல்லியிருக்கலாமே சார்" என்று சொல்லிவிட்டு அப்பா வைத்துவிட்டார். அம்மா கை தட்டாத குறை. எனக்குத் தலை மேல் விளக்கு எரிகிற மாதிரி இருந்தது. அது இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. மறுபடி போன். இந்தத் தடவை நர்ஸ் அக்கா.

"அண்ணே, மன்னிச்சுக்குங்கண்ணே. எட்டுப் பேரு கால் கட்டை அவுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. கழுவத் தண்ணி இல்லண்ணே."

மெயினை மூடினால் கீழேயும் வராது. தெரிந்தவள்தான். கோபத்தில் மறந்து தொலைத்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "மெயினா?"

தலையாட்டினேன்.

"புண்ணு பாப்பா. அவங்க காலுல புண்ணு." அவ்வளவுதான் சொன்னார். அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "சாவியை எடு. வண்டில ஏறு."

பின்புறம் போய் மெயினைத் திறந்தார். மருந்தறைக்குள் குழாய் இருமி, காறித் துப்பி, ஓட ஆரம்பித்தது. நர்ஸ் அக்கா, "வந்துருச்சுண்ணே!" என்று கத்தினார். வாசலில் இருந்த கிழவர் ஒருவர் அப்பாவைப் பார்த்துக் கையெடுத்தார். நான் போய் பேசின்களை நிரப்பிக் கொடுத்தேன். எட்டுப் பேரின் பாதங்களையும் பார்த்தேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

திரும்பிப் பார்த்தால் அப்பா மாடிப்படிக்குக் கீழே குனிந்திருந்தார். அங்கே ஒரு குட்டி வால்வு உண்டு. மாடிக்கு மட்டும் போகிற லைன். அவரே பதினான்கு வருஷத்துக்கு முன் வைத்தது. அது திறந்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். கை போன திசை வலது. இறுக்கி மூடினார். மூடிவிட்டு முன்னால் துடைப்பத்தைச் சாத்தி வைத்தார்.

"அப்பா!"

"உஷ்."

மேலிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். "தண்ணி வந்துருச்சா?"

"கீழ வந்துருச்சு சார்."

"மேல வரலையே!"

"அது உங்க குழாய் உறுப்பினர் பாத்துக்குவார் சார்."

பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். சூப் கை, வெண்ணெய்க் கை, நெஞ்சில் பேட்ஜ். கட்டுப் போட்டவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. முந்தப் பார்த்த வக்கீலை நர்ஸ் அக்கா, "வரிசைல வாங்க சார், முதல்ல புண்ணு, அப்புறம் சூப்பு" என்று திருப்பி அனுப்பினார். ஷோரூம்காரருக்கு மட்டும் ஒரு வாளி மேலே போயிற்று, அதை நான்தான் தூக்கிப் போனேன். பாதியைப் படியில் சிந்திவிட்டேன். கை தவறியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்குகிற வழியில் பலகையைப் பார்த்தேன். அப்பாவின் கொக்கியில் ஷோரூம்காரரின் கோட்டு தொங்கியது.

டாக்டரின் முறை வந்தபோது அப்பா குழாயடியில் நின்றிருந்தார். இப்போது கேட்பார், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பார் என்று காத்திருந்தேன். டாக்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினார். அப்பா வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, வியாழக்கிழமைதோறும் அந்தப் படியின் உச்சியில் கேட்ட அதே குரலில் சொன்னார்:

"வாங்க நண்பரே, வாங்க வாங்க."

டாக்டர் கழுவாமலே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தண்ணீர் சும்மா ஓடியது. அப்பா மூடினார். வீணாகப் போவது அவருக்குப் பிடிக்காது.

ஸ்கூட்டர் எங்கள் தெரு முனை திரும்பும்போதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"அந்த மாடி வால்வை ஒருநாள் தெறந்து விடணும்."

"ஞாபகப்படுத்தவாப்பா?"

"வேணாம்."