கழுவக் கூடாத தொட்டி

தொட்டிக்காரருக்கு அழுக்கு ஆகாது. வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கும் அந்தச் சின்ன ஆலையில், அவர் கழுவிய எஃகுத் தொட்டியில் முகம் பார்த்துத் தலை வாரலாம். வீட்டில் மட்டும் அவர் குடித்த டம்ளர் குடித்த இடத்திலேயே கிடக்கும். அது வேறு இலாகா.

அந்த இலாகாவும் ஆலையின் ஆய்வுக்கூடமும் அவர் மனைவியிடம் இருந்தன. வைக்கோலைச் சர்க்கரையாக்க என்சைம் ஊற்ற வேண்டும். என்சைமோ யானை விலை, குதிரை விலை. கட்டுப்படியாகாமல் ஆலையையே மூடிவிட முதலாளி முடிவெடுத்திருந்தார். மனைவி கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு வாய்ப்பு வாங்கினாள். சர்க்கரை நீரை வடித்த பின் அடியில் தங்கும் சக்கையில் என்சைம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேலேயே புது வைக்கோலைப் போட்டால் பாதி என்சைம் போதும். இதை முதலாளி கண்ணெதிரே செய்துகாட்ட வேண்டும்.

இதையெல்லாம் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவரும் ‘உம்’ கொட்டினார். அவர் ‘உம்’ கொட்டினால் காதில் விழவில்லை என்று அர்த்தம். இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவள் அன்றைக்கென்று அதை மறந்துவிட்டாள்.

மறுநாள் அவர் முன்னதாகவே போய்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் சக்கை. கருமம்! முதலாளி வருகிறார் என்று ஆலையே பேசிக்கொண்டிருந்தது; பெண்டாட்டிக்குப் பெரிய நாளாயிற்றே என்று இறங்கித் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவிவிட்டார்.

“எங்கேங்க சக்கை?”

“உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு நான்தான்...”

“போச்சு. எல்லாம் போச்சு.”

அவள் திட்டவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் வாளியோடு கழிவுநீர்க் குழியில் இறங்கிச் சக்கையை அள்ள ஆரம்பித்தார்.

“சாக்கடை கலந்தாச்சு, இனிமே உதவாது. ஏறி வாங்க!”

அந்த நேரம் பார்த்தா முதலாளி வர வேண்டும்?

“குழியில யாரும்மா அது?”

“என் வீட்டுக்காரர் சார். நம்ம என்சைமை அள்ளறார்.”

“சாக்கடையிலயா?”

“அங்கதானே சார் தினமும் கொட்டறோம்.”

முதலாளி குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் காட்டிய வரைபடங்களை ஒருநாளும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. “அடுத்த வாரம் வர்றேன்” என்றார். “இந்த ஆளைத் தொட்டிப் பக்கமே விடாதீங்க.”

அவள் தொட்டியைப் பூட்டிச் சாவியை அந்த ஆளிடமே கொடுத்தாள்.

“இதுவும் போனா ரெண்டு பேரும் வேலை தேடி அலையணும். உங்களை நம்பித்தான் தர்றேன்.”

அடுத்த வாரம் முதலாளி வந்தபோது சக்கை சக்கையாகவே இருந்தது. பக்கத்தில் தொட்டிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காவல் நின்றார். பாதி என்சைமிலேயே சர்க்கரை இறங்கியது. மூடும் பேச்சை முதலாளி எடுக்கவே இல்லை. மனைவி தொட்டிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“எல்லாரும் பார்க்கறாங்க” என்றார் அவர். கையை மட்டும் விடுவித்துக்கொள்ளவில்லை.