பாவாவின் உதட்டுக் கொப்புளம்

எங்கள் வீட்டில் விசைத்தறி. சேலைகளைக் கொடுக்கச் சென்னைக்குப் போன என் கணவர், நான் 'பாவா' என்று கூப்பிடுபவர், காய்ச்சலோடு திரும்பினார். மறுநாள் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம். போனில் தேடினேன். முத்தத்திலும் பாலுறவிலும் பரவும் என்றது. யார் கொடுத்த முத்தம்?

அவர் குளிக்கப் போனபோதெல்லாம் அவருடைய போனைக் குடைந்தேன். தறியில் நூல் தீர்ந்தால், குறுக்கே நூல் கொண்டு ஓடும் நாடாவின் துளையில் வாய் வைத்துப் புது நூலை உறிஞ்சி இழுப்போம். அவர் வாய் வைத்த நாடாவை நான் தொடவே இல்லை.

"இன்னா ஆச்சு உனக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்ல பாவா."

கடைசியில் அவரைத் திருத்தணியில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போய், என் சந்தேகத்தையும் கொட்டிவிட்டேன்.

"நெறைய பேருக்குச் சின்ன வயசுலயே யாரோ கொஞ்சின முத்தத்துல வந்துடும்மா. உள்ளயே தூங்கிகினு இருந்து காய்ச்சல்ல வெளிய வரும். இத வெச்சு யாரையும் சந்தேகப்பட முடியாது. உங்களுக்கு வந்ததே இல்லையா?"

வந்திருக்கிறது என்றேன். கல்யாணத்துக்கு முன்பு, ஒரு கோடையில், இதே இடத்தில்.

இப்போது யாருக்குக் கொப்புளம் வந்தாலும், ஆறும்வரை முத்தம் கிடையாது, பிள்ளைக்கும்கூட. நூலை இழுக்கக் கம்பிக் கொக்கி வைத்திருக்கிறோம். பாவா மட்டும் இன்றுவரை என்னிடம், "உனக்கு யாரு குடுத்தது?" என்று கேட்கவில்லை.

– ஒரு வாசகி, அம்மையார்குப்பம்